கட்டிலில் ஒரு தட்டு

அறையில் மூன்று பேர்: சட்டமன்ற உறுப்பினர் தணிகாசலம், பக்கவாதத்தில் பேச்சை இழந்த மனைவி செண்பகவல்லி, அவளைக் கவனித்துக்கொள்ளும் எஸ்தர். அவர் எந்த உரையையும் முதலில் மனைவியிடம்தான் வாசிப்பார். சபையில் மேசையைத் தட்டுவார்கள் என்று தோன்றும் இடங்களில் அவள் கட்டிலைத் தட்டுவாள்.

“எல்லாருக்கும் ஒரே வரி. சக்கர நாற்காலிக்குக்கூட விலக்கு கூடாது” என்று வாசித்து நிறுத்தினார். சத்தமில்லை.

“முப்பது வருஷமா இதத்தான சொல்றேன், செம்பா.”

அவள் மூலையில் நின்ற தன் சக்கர நாற்காலியையே பார்த்தாள். அவர் பேனாவை எடுத்துக் கடைசி வாக்கியத்தை அடித்தார். அவளுடைய இடது கை கட்டிலைத் தட்டியது.

“அடுத்த தடவ கட்சியில சீட்டு தரமாட்டாங்கடி.”

அதற்கும் தட்டினாள். அவர் சிரித்தபடி அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னால் எஸ்தர் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.