கம்பெனி பெயிண்ட்

கார் பட்டறைக்குப் பின்னால் நின்ற அரசமரம் அன்றன்றைக்கு பெயிண்ட் அடிக்கும் காரின் நிறத்தில் இருக்கும். அக்கம்பக்கத்திலிருந்து இன்னொரு புகார் வந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவோம் என்று நகராட்சிக்காரர்கள் சொன்னதும், முதலாளி ரவூஃப் பாய் பெயிண்ட் சாரல் வெளியே போகாதபடி மூடிய அறை கட்டினார். பழைய இலைகள் உதிர்ந்தன. ஒரு காலையில் மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் சின்னச் சின்ன இலைகள்.

“கதவத் தொறந்து போட்டு அடிச்சியா, சேவியரு?”

“சத்தியமா இல்ல பாய். இந்தக் கலர் வண்டியே வரல.”

எந்த வண்டி வந்தாலும் பெயிண்டர் சேவியர் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பார்ப்பான். நிறம் கழன்றால் இடையில் யாரோ அடித்தது; கழலாவிட்டால் வண்டி செய்த இடத்திலேயே அடித்தது. இலையையும் தேய்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

“பாய், இது கம்பெனி பெயிண்ட்டு.”

பாய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தக் கம்பெனிடா?”