மதகில் கட்டிய மெத்தை

ரிவர்ஸ்டனிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கும் பாதையின் கூர்மையான வளைவில், மதகுச் சுவரோடு கட்டிய பஞ்சு மெத்தையின் பக்கத்தில் ஸக்கரியா நிற்கிறார். போன சைக்கிள் போட்டியில் ஒரு பையன் இந்தச் சுவரில்தான் மோதி மண்டையை உடைத்துக்கொண்டான். பாதையை மாற்றச் சொல்லி இவர் கேட்டதற்குப் போட்டி நடத்துகிறவர்கள் சுவருக்கு வெள்ளை பூசிவிட்டுப் போனார்கள். அதனால் தன் கட்டிலிலிருந்தே மெத்தையைத் தூக்கி வந்து, பிஸ்மி சொல்லி முடிச்சுப் போட்டிருக்கிறார். மனைவி மஸீனா மௌத்தாகி மூன்று மாதமாகிறது. அவள் படுத்த பக்கம் இன்னும் குழிந்தே இருக்கிறது. ஊரடங்கு எடுத்தபின் நடக்கும் முதல் போட்டி, வேடிக்கை பார்க்க ஆளில்லை. பனி விலகிய தாரில் வெயில் பளபளக்கிறது. சைக்கிள் சில்லுகளின் இரைச்சல் நெருங்குகிறது; வண்ணச் சட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து திரும்பிப் போகின்றன. ஒருவருக்கும் மெத்தை தேவைப்படக் கூடாதென்று அவர் துஆ கேட்கிறார். வெகு நேரம் கழித்துத் தனியே வரும் ஒருவனின் பின்சில்லு சறுக்குகிறது. தோளும் தலையுமாக அவன் மெத்தையின் அந்தக் குழியில் போய் விழுகிறான். தையல் பிரிந்து பஞ்சு பறக்கிறது. “மெத்த கிழிஞ்சிருச்சுங்க நானா.” “அது கெடக்கட்டும் மகன். கை கால அசைச்சுப் பாருங்க.” அசைத்துப் பார்த்துச் சிரிக்கிறான். “நான் கடைசியில்லீங்க. எனக்கும் பின்னால ஒருத்தன் வர்றான்,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதிக்கிறான். ஸக்கரியா தாரில் கிடக்கும் பஞ்சைப் பொறுக்கி உள்ளே திணிக்கிறார். பிறகு கிழிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஆளரவமற்ற மேட்டுப் பாதையைப் பார்த்தபடி நிற்கிறார்.