ஒர்பாவின் ஆறு மணி நேரம்

செத்துப்போய் மூன்று மாதமான ஒர்பா, போன வாரம் ஆறு மணி நேரம் இன்டர்நெட்டில் இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் ஃபீனா அதைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் மெல்கியின் திரையில் அந்தப் பெயர் இருந்தது.

"செத்தவ எப்படிடி கம்ப்யூட்டர்ல உக்காருவா?" என்று பின்னால் நின்ற மார்சியிடம் கிசுகிசுத்தாள்.

"மேல வைஃபை கிடைக்கலையோ என்னவோ" என்ற மார்சி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒர்பா பக்கத்து வகுப்புப் பெண். நாலே நாள் டெங்குக் காய்ச்சல், போய்விட்டாள்.

ஃபீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தோனேசியாவின் குபாங் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நெட் வரும் கம்ப்யூட்டர் மொத்தமே இருபது. ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரம். லேப்டாப் இல்லாத மலைப்பக்கத்துப் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கே வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள். ஃபீனாவும் அவர்களில் ஒருத்தி. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை முடித்து, இங்கிருந்தே நெட்டில் ஏற்ற வேண்டும். தவறினால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

நேராகவே கேட்டாள். "அண்ணா, ஒர்பா பேர்ல யார் உக்கார்றாங்க?"

மெல்கி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதை விடும்மா. நீ உன் வேலையைப் பாரு."

"நாங்க வெயில்ல காயறோம். செத்தவ பேர்ல யாரை உள்ள விடுறீங்க?"

"விடுன்னு சொல்றேன்ல."

அந்தப் பதிலில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ பணக்காரப் பையனுக்கு விற்றிருப்பார். மதியமே துறைத்தலைவர் பெனு சாரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அடியில் பத்துப் பேர் கையெழுத்து.

மறுநாள் பெனு சார் வந்தார். எல்லார் முன்னாலும் ஒர்பாவின் கணக்கை மூட வைத்தார். மெல்கி தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது ஃபீனாவைப் பார்த்து, "சீக்கிரம் முடிச்சிடு" என்றார்.

"குத்திக் காட்டுறாரு பாரு" என்றாள் ஃபீனா.

புதன்கிழமை பிற்பகல், கடைசி அத்தியாயத்தின் நடுவில் திரை அணைந்தது.

"உன் ஆறு மணி நேரம் முடிஞ்சுது. எழுந்திரு" என்றார் புதிதாக வந்தவர்.

"பதினொன்னாம் நம்பர் நிக்காதே சார்!"

வாய் தவறி வந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு நின்றதே இல்லை. நேரக்கணக்கு பழுது என்று நினைத்து, மார்சியிடம்கூடச் சொல்லாமல், தினமும் முதல் ஆளாக ஓடிவந்து அதில்தான் உட்காருவாள்.

புதியவர் பழைய பதிவைப் புரட்டினார். "பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. உன் நேரம் முடிஞ்சதும் இங்கேருந்து ஒர்பா கணக்குக்கு மாத்தி விட்டிருக்காங்க. எட்டு வாரமா. எல்லாமே பதினொன்னாம் நம்பர்தான். அதுல யாரு உக்காருவா?"

ஃபீனா பெனு சார் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த நேரமெல்லாம் எனக்குத்தான் வந்திருக்கு. எனக்கே தெரியாது சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. யாருக்குக் குடுத்தேன்னு ரெண்டு மணி நேரம் கேட்டோம். வாயே திறக்கல அந்த ஆளு. பேரைச் சொன்னா அந்தப் பிள்ளையோட ஆய்வேடே செல்லாதுன்னு தெரியும் அவருக்கு. நீ இங்க வரவும் இல்ல, நான் எதுவும் கேக்கவும் இல்ல. போ."

"மெல்கி அண்ணன்?"

"மாத்தியாச்சு. ரோத்தே தீவுக்கு."

இனி ஒருவர் நேரத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்று கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அவள் புகாரால் வந்த அறிவிப்பு. மார்சி தன் மிச்ச நேரத்தைக் கொடுக்க வந்தாள், புதியவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது; ஆய்வேடு ஏறவில்லை.

சனிக்கிழமை காலை, பூட்டிய அறையின் படியில் ஃபீனா உட்கார்ந்திருந்தாள். காலி மீன்கூடையுடன் ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"மெல்கி தம்பி இல்லையா?"

"வேற ஊருக்கு மாத்திட்டாங்கம்மா."

"அடக் கடவுளே, என்னாலதான்." அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒர்பாவோட அம்மா. பொண்ணு போன பிறகு, அவளுக்குன்னு இருக்கிற நேரம் சும்மாத்தானே கிடக்குது, வசதி இல்லாத பிள்ளை யாருக்காவது குடுங்கன்னு நான்தான் அவர்கிட்ட அழுதேன். மலைப்பக்கத்துப் பொண்ணு ஒருத்தி இருக்கான்னாரு. பேரு நான் கேட்டுக்கல. பேரு தெரிஞ்சா போய்ப் பாக்கணும்னு தோணும், அது அந்தப் பொண்ணுக்குப் பாரமா இருக்கும்ல?"

ஃபீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்துதானே கடைசி நாளு? அந்தப் பொண்ணு எழுதி முடிச்சிட்டாளாம்மா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஃபீனா கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடிச்சிட்டாம்மா."

அந்த அம்மாள் தோள்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ என் பொண்ணும் பாஸாயிட்டா."