ரிப்பேருக்குப் போன ரேடியோ

"அந்த மனுசன் நம்ம ரேடியோவத் திருப்பித் தரப்போறதில்ல. எழுதி வச்சிக்குங்க."

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள் அமராவதி. சுப்பராயலு தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

அந்த மனுசன் என்றது பஞ்சநாதனை. சுப்பராயலுவோடு ஒன்றாகப் படித்தவர். சிதம்பரத்தில் மின்சார ஆபீசில் வேலை. வேலை முடிந்து வந்தால் யார் வீட்டு ரேடியோவையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காசுக்காக இல்லை. அது ஒரு பைத்தியம்.

இவர்கள் வீட்டு ரேடியோ திடீரென்று ஊமையானபோது, அவரே கடலூர் வரை வந்து தூக்கிக்கொண்டு போனார்.

"ரெண்டே நாள் தங்கச்சி. புதுசாட்டம் பாடும்" என்றார்.

இரண்டு வாரம் ஆகிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் அமராவதி கேட்டிருக்கவே மாட்டாள். இது அறுபத்தைந்து செப்டம்பர். எல்லையில் சண்டை நடக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த ஒரே மகன் சிற்றம்பலம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறான். தெருவில் வேறு ரேடியோ கிடையாது. முனிசிபாலிட்டி பார்க்கில் ஒன்று உண்டு. அதைச் சுற்றி எப்போதும் ஆம்பளைக் கூட்டம்.

"ஊரே ரேடியோவ வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. புள்ளயப் பெத்த நான் கிணத்துக்குள்ள கெடக்குறாப்பல கெடக்குறேன்" என்றாள்.

"ஏதோ வால்வு போச்சாம். மெட்ராஸ்லேர்ந்து வரணுமாம்."

"உங்களுக்கு அவன் மேல கவலயே இல்லியா?"

"கவலப்பட்டு என்ன ஆவப்போவுது? அவன் வருவான்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். படுத்ததும் குறட்டை வந்தது. இந்த மனுசனுக்கு நெஞ்சில் என்ன கருங்கல்லா வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் வழக்கம்போல அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட்டுறவு சொசைட்டிகளில் கணக்குப் பார்க்கிற உத்தியோகம். இப்போது கொஞ்ச நாளாகச் சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் பக்கம் கேம்ப்.

அவர் தலை மறைந்ததும் அமராவதி வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, பழைய போர்வை ஒன்றைப் பையில் திணித்தாள், ரேடியோவைச் சுற்றிக் கொண்டுவர. பக்கத்து வீட்டுத் தங்கம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது கொஞ்சம் வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

பஞ்சநாதன் வீட்டு வாசலில் அவர் மனைவி லோகநாயகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மாறிப்போனது.

"வாங்க அண்ணி. என்ன, சொல்லாம கொள்ளாம..."

"ரேடியோவ எடுத்துக்கினு போவ வந்தேன்."

"இன்னும் ரிப்பேர் முடியலன்னு அவுரு சொன்னாரு. முடிஞ்சதும் அவுரே..."

அதற்குள் உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் வந்தது. ஆகாசவாணி, மத்தியானச் செய்தி. கொஞ்சம் கரகரத்த அந்தக் குரல் தன் வீட்டு ரேடியோவுடையது என்று அமராவதிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"முடியலியா?" என்று கேட்டாள்.

லோகநாயகி முறத்தைப் பார்த்தாள்.

அமராவதி படியேறினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீசிலிருந்து வந்திருந்த பஞ்சநாதன், பேச்சுக் குரல் கேட்டு வெளியே வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒரு அஞ்சு நிமிசம் பொறும்மா."

"எதுக்கு? நீங்க சேதி கேட்டு முடிக்கிற வரைக்குமா? அங்க நிக்கிறது என் புள்ள. அடுத்தவ ரேடியோவ எடுத்தாந்து வச்சிக்கினு, வால்வு வரல அது வரலன்னு கத சொல்றீங்களே. உங்கள அண்ணன்னு கூப்புட்டனே."

பஞ்சநாதன் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு விலகி வழிவிட்டார்.

"நீயே போய்ப் பாரு."

அறையில் ஒரு ஸ்டூல் மேல் ரேடியோ இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதன் எதிரே, கீரப்பாளையத்தில் இருக்க வேண்டிய சுப்பராயலு தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி ரேடியோப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது. முதுகு குலுங்கியது. அவள் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

பஞ்சநாதன் அவள் பின்னால் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"ரேடியோவுக்கு ஒண்ணுமில்லம்மா. சேதி கேட்டுக் கேட்டு நீ சோறு தண்ணியில்லாம கெடந்தியாம். இவன்தான் உள்ள ஒரு ஒயரைக் கழட்டிவுட்டு, என்னிய வந்து தூக்கிக்கினு போவச் சொன்னான். தெனம் மத்தியானம் இங்க வந்து கேக்குறான். கேட்டுட்டு, மூஞ்சியக் கழுவிக்கினு போறான். பார்க்குல நாலு பேரு எதிர்ல இவனால முடியல."

அமராவதி பையை வாசற்படி ஓரமாக வைத்தாள். போய்ப் புருசன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுப்பராயலு திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் கை அவசரமாக ரேடியோவை நிறுத்தப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சவுண்ட கொஞ்சம் ஜாஸ்தி வைங்கண்ணே" என்றாள் பஞ்சநாதனிடம். "ரெண்டு பேரு கேக்குறோம்."