துடைக்காமல் விட்டது

"அஞ்சு கையெழுத்து இருந்த அட்டையில இப்ப ஒண்ணுதான் இருக்கு. மத்த நாலும் எங்க சார்?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள் அந்தப் பெண். பிரபலங்களின் கையெழுத்தை லென்ஸ் வைத்துச் சோதித்து விற்கும் லென்ஸ்காரரின் மூக்குக்கு நேராகக் கையிலிருந்த போனை நீட்டினாள். அந்தப் படத்தில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை. பாடகரும் அவர் குழுவினரும் போட்ட ஐந்து கையெழுத்துகள்.

அதே அட்டைதான் இப்போது கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பாடகரின் கையெழுத்து மட்டும். பக்கத்தில் 'அசல்' என்று ஒரு சான்றிதழ். எழுதியவர் லென்ஸ்காரரேதான்.

"இந்தப் படம் உனக்கு எப்படிம்மா..."

"உங்களுக்கு அட்டையை வித்தவரே அனுப்பினார்."

லென்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பது அவருக்குக் கைவந்த கலை. பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட், நிறையப் பொறுமை.

"தொழில் அப்படிம்மா. பாடகர் மட்டும் இருந்தா அடிச்சுப் பிடிச்சு வாங்குவான். கூட நாலு பேர் கிறுக்கியிருந்தா, 'இவனுங்கல்லாம் யாரு'ன்னு கேப்பான்."

"அந்த 'இவனுங்க'ள்ல ஒருத்தர் அதோ உக்காந்திருக்கார். நீங்களே போய்க் கேளுங்க."

வாசலோர நாற்காலியில் ஒரு பெரியவர். தெருவைப் பார்த்தபடி முழங்கால் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"டிரம்ஸ் வாசிச்சவர். எங்கப்பா. அந்த ரெக்கார்டுல வாசிச்சவங்களை அடுத்த வாரம் மேடையேத்தி மரியாதை பண்றாங்க. இவர் பேரை அட்டையில அச்சடிக்கலை, ஆதாரம் கொண்டாங்கறாங்க. போன் படமெல்லாம் செல்லாதாம். பாதி ஞாபகம் போயிடுச்சு இவருக்கு. 'நான்தான் வாசிச்சேன்'னு சொன்னா சிரிக்கறாங்க சார். இருந்த ஒரே ஆதாரத்தையும் நீங்க பஞ்சால துடைச்சுட்டீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் லென்ஸ்காரர் குரலை உயர்த்துவார். இன்று தாளம் போடும் பெரியவரின் விரல்களையே பார்த்தார்.

"அந்த ஒண்ணை மட்டும் எதுக்கு விட்டு வச்சீங்க? அதையும் துடைச்சிருக்க வேண்டியதுதானே!"

"ஐயோ, அதையா! கடைசியில இந்தச் சுழியைப் பாரும்மா. அந்த மனுஷன் கையைத் தவிர வேற எவன் கைக்கும் வராது. எத்தனை போலியை இதை வச்சே பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

சொல்லிக்கொண்டே மேஜை விளக்கைப் போட்டார். பிறகு பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார்.

"மை போனாலும் பேனா அழுத்தின தடம் போகாது. பெரியவர் இப்ப ஒரு கையெழுத்துப் போடட்டும். தடத்தோட ஒத்துப்போனா நானே எழுதித் தரேன். துடைச்சது நான்தான்னும் சேத்தே எழுதறேன்."

"அப்புறம் உங்ககிட்ட எவன் வருவான்?"

"வரமாட்டான். விடு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போனது. அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து மேஜை முன் உட்கார வைத்தாள். வெள்ளைத்தாளை நகர்த்தி, பேனாவைக் கையில் கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடுப்பா."

பெரியவர் அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வெளியில கூட்டம் இன்னும் நிக்குதா? சரி, எதைப் போடட்டும்? என்னோடதா, அண்ணனோடதா?"

"எந்த அண்ணன்ப்பா?"

"பாடற அண்ணன்தான். அவர் என்னிக்கு உக்காந்து கையெழுத்துப் போட்டார்? கச்சேரி முடிஞ்சா கார்ல ஏறிடுவார். எல்லாருக்கும் நான்தானே போட்டுக் குடுப்பேன்!"

பேனா ஒரே இழுப்பில் ஓடியது. வேறு எவன் கைக்கும் வராத அந்தச் சுழி, மை காயாமல் தாளில் மின்னியது.