வேர் பிடிக்கட்டும்

"ஜினாய் வீட்டுக்குச் சமாதானம் பேச எப்போ போகப் போறீங்க மாமா? ஒரு நாளைக் குறிச்சுச் சொல்லுங்க."

மாமாவிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்போதுகூடச் சொல்லியிருந்தாள். விட்டோரே கேட்டுவிட்டாள். அவள் காலடியில் பயணப்பை தயாராக இருந்தது.

ஜோக் மாமா ராக்கிச் சாராயக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்றுத் தட்டின் பிளாஸ்டிக் மூடிமேல் குனிந்தார். உள்ளே முத்துமுத்தாக நீர் வேர்த்திருந்தது. தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட கஞ்சாக் குச்சிகள், நுனி நறுக்கிய இலைகளோடு, விளக்கு வெளிச்சத்தில் வரிசைகட்டி நின்றன.

"முதல்ல இதுங்க வேர் பிடிக்கட்டும் கண்ணு. அப்புறம் பேசிக்கலாம்."

"போன தட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தட்டுக்கும்."

"அதை விடு. விரலெல்லாம் கருகருன்னு என்ன கறை அது? இந்தக் கையோடவா குச்சியைத் தொடறே? கையுறையைப் போடு."

"கழுவிட்டேன். போகல."

வீட்டோடு ஒட்டியிருந்த, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த அந்தப் பழைய மாட்டுக் கொட்டிலின் மூலையில் அப்பா பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடிக்குள்ளேயே விட்டுவிட்ட இலைமாதிரி முகம் வெளுத்துக் கிடந்தது. என்றைக்கோ வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில், ஜினாய் வீட்டு மூத்த மகனை அவர்கள் வாசல் அக்ரூட் மரத்தடியிலேயே சுட்டுக் கொன்றவர் அப்பா பிரெங். சிறைவாசம் முடிந்தது, ரத்தப்பழி முடியவில்லை. வீடு திரும்பிய அன்று உள்ளே நுழைந்தவர்தான், ஆறு வருடமாக வாசலைத் தாண்டவில்லை.

மலைச்சட்டம் அப்படி. வீட்டுக்குள் இருக்கிறவனைத் தொடக் கூடாது, வெளியே கால் வைத்தால் சுடலாம். பெண்களுக்குப் பயமில்லை. அம்மாவின் தம்பி ஜோக்குக்கும் பயமில்லை, அவர் வேறு ரத்தம். அதனால் மண்ணையும் உரத்தையும் அவர் கொண்டுவந்தார், விளைந்ததை அவர் கொண்டுபோனார். ஊர்ச் சேதியைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

"இன்னைக்குக் காலையிலகூட ஜினாய் வீட்டுச் சின்னவன் பாலத்துல துப்பாக்கியோட நின்னான். என் கண்ணால பார்த்தேன்" என்றார் மாமா.

"கொட்டற மழையிலயா?"

"மழை பெய்தா என்ன? பழி என்ன சர்க்கரையா, நனைஞ்சா கரைய?"

விட்டோரே சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் குனிந்து மூடியை அப்படியே தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"அடிப்பாவி, என்ன பண்றே! எல்லாம் வாடிச் செத்துடும்!"

"வேர் பிடிச்சாச்சு மாமா." ஒரு குச்சியை மெல்ல இழுத்துக் காட்டினாள். அது பிடியை விடவில்லை. "கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து காத்துக்குப் பழக்கிட்டேன். இதுக்குமேல மூடி வச்சாத்தான் அழுகும். இதுகூடத் தெரியாமலா எனக்குப் பட்டம் கொடுத்தாங்க?"

"பட்டம்! வம்சத்துலயே முதல் பட்டதாரி! டிரானா பட்டணத்துல தோட்டக்கலை படிச்சிட்டு வந்து மாமனுக்கே பாடம் எடுக்கறா, பாரு மச்சான்." அவர் பார்வை பையில் நின்றது. "பையெல்லாம் கட்டியாச்சு போல. போம்மா, ஓடு. பெத்தவனை இந்தக் கொட்டில்ல தனியா விட்டுட்டு ஓடு."

"அவளைத் திட்டாதே மச்சான்" என்றார் அப்பா. "அவளாவது வெயிலைப் பார்க்கட்டும்." பிறகு மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "குச்சிங்களை நான் பார்த்துக்கறேன். நீ போம்மா."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்தாள். உள்ளே அவள் துணி ஒன்றுகூட இல்லை. அப்பாவின் பழைய பூட்ஸை எடுத்து, அவர் கால்முன் வைத்தாள். புதிதாக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

"இது எதுக்கும்மா?"

"வழியெல்லாம் சேறு."

மாமா பாய்ந்து வந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? நாலு அடி வைக்கிறதுக்குள்ள உங்கப்பனைச் சுட்டுத் தள்ளிடுவாங்க! நீ அவங்க வீட்டுப் படியை மிதிச்சிருக்கியா? அவங்க மனசு எனக்கில்ல தெரியும்!"

"நேத்து மிதிச்சேன்."

பையின் அடியிலிருந்து ஒரு கை நிறைய அக்ரூட்டை அள்ளி அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினாள். பச்சைத்தோல் உரித்த ஈரம் இன்னும் அதில் இருந்தது.

"செத்துப்போனவரோட அம்மாகூட மரத்தடியில உட்கார்ந்து, இருட்டற வரைக்கும் உரிச்சேன். அந்தக் கறைதான் இது."

மாமாவின் முதுகு தானாகவே கதவை விட்டு விலகியது.

விட்டோரே தாழ்ப்பாளை இழுத்துக் கதவை விரியத் திறந்தாள். மழைக்காற்று உள்ளே புகுந்ததில் மூடியில்லாத குச்சிகள் ஒருமுறை தலையாட்டிவிட்டு நிமிர்ந்தன. அவள் வாசலைத் தாண்டி, மழையில் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"மூணு வருஷம் முன்னாடியே மன்னிச்சுட்டாங்களாம்ப்பா. நீங்கதான் வரமாட்டேன்னு மாமாகிட்ட சொல்லி அனுப்பினீங்களாம்!"