பட்டியலில் இல்லாத உறவு

“அந்த உறவே இப்ப பட்டியல்ல இல்ல சார். வேற ஏதாவது சொல்லுங்க.”

பணியாளர் பிரிவில் கணினி முன் இருந்தவள் திரையை ஸ்டோர்கீப்பர் பக்கம் திருப்பினாள். அவருக்கு மறுநாள் காலை அறுவை சிகிச்சை. காப்பீட்டுப் படிவம் இன்றே போயாக வேண்டும். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் பெயரும் எண்ணும் இருந்தன. உறவு மட்டும் காலியாக, சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது.

“போன வருஷம் ‘மாமியார்’னு இருந்துச்சே?”

“யாரும் போடுறதில்லைன்னு நான்தான் எடுத்துட்டேன்.”

“நான் போட்டிருந்தேனே.”

“ஊருலேயே நீங்க ஒருத்தர்தான். ‘உறவினர்’னு போட்டுடட்டுமா?”

“உறவினர்னா கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போறவங்க. இவங்க நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காரப் போறவங்க. மாமியார்னே போடுங்க.”

வரிசையில் நின்ற புது டிரைவர் சிரித்தார். “மாமியார் மெச்சின மருமகளைத்தான் பார்த்ததில்ல. மருமகனையாவது பார்த்துட்டேன்!”

அவள் சிரிக்கவில்லை. எடுத்ததை மறுபடியும் பட்டியலில் சேர்த்தாள். சிவப்புக் கட்டம் மறைந்தது. படிவம் அச்சாகி வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் என்ன மாமியார்?”

“கையெழுத்துப் போட்டது நீயும் நானும்தானே? அவங்க போடலையே.”

அவர் படிவத்தைப் பிடித்து இழுத்தார். அவள் மறுமுனையை விடவில்லை.

“அம்மா என் போனை எடுக்கறதே இல்ல. நாளைக்கு அங்க வந்ததும், என்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்றீங்களா?”